சரக்குக்கு ஈடு மனிதன்!

வெள்ளையன் வந்தான், இரும்புப் பாதை தந்தான் என்று இன்றும் வாய் மணக்கப் பேசுவோர் உண்டு. அவர்களைத் தென்னாப்பிரிக்கா வரை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். பாதை எவருக்காக, அதன் விலையைக் கொடுத்தவன் எவன் என்பதை அங்கே ஒப்பந்தத் தாளிலேயே படிக்கலாம்.

1886-இல் டிரான்ஸ்வாலில் தங்கம் கண்டனர்; ஜோகன்னஸ்பர்க் முளைத்தது. கடலோ தொலைவில். கேப் துறைமுகங்கள் ஒருபுறம், நேட்டாலின் டர்பன் மறுபுறம். இரண்டும் பிரிட்டனின் கொடியின்கீழ். (டர்பனை நாம் மறக்க முடியுமா? 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம் மக்கள், கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கரை இறங்கிய துறையல்லவா அது!) மூன்றாவது, டெலகோவா விரிகுடாவின் லொரென்சோ மார்க்கஸ், சுரங்கத்துக்கு மிக அருகில் இருந்ததும் அதுவே. அந்த விரிகுடா எவருக்கு என்று பிரிட்டனும் போர்ச்சுகலும் முன்பே வழக்காடின. பிரான்சின் குடியரசுத் தலைவர் மக்மாகோன் 1875-இல் போர்ச்சுகலுக்கே என்று தீர்ப்பளித்தார். அந்தக் கரையில் பிறந்தவன் அவ்வழக்கில் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன், வழக்குப் பொருள்!

பிறகு பாதைகளின் போட்டி. கேப் பாதை 1892-இல் ஜோகன்னஸ்பர்க்கைத் தொட்டது. போர்ச்சுகீசியத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பாதை 1894-இன் இறுதியில் பிரிட்டோரியாவை அடைந்தது. பிரிட்டனின் பிடியில் சிக்காத கடல்வழி கிடைத்த மகிழ்ச்சியில், டிரான்ஸ்வால் தலைவர் குரூகர், கேப் பாதையில் வரும் சரக்குக்குத் தம் எல்லைக்குள் கட்டணத்தை ஏற்றினார். கேப் வணிகரோ வால் ஆற்றங்கரையிலேயே சரக்கை இறக்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றினர். 1895-இல் ஆற்றுத் துறைகளையே மூடினார் குரூகர். இலண்டன் எச்சரித்தது, துறைகள் திறந்தன. மாட்டு வண்டி ஆற்றைக் கடக்கப் பேரரசின் படை மிரட்டல்!

1898-இல் பிரிட்டனும் ஜெர்மனியும், போர்ச்சுகலின் ஆப்பிரிக்க உடைமைகளில் தமக்குரிய பங்கை இரகசியமாக வகுத்துக்கொண்டன. மறு ஆண்டே, அதே போர்ச்சுகலின் உடைமைகளைக் காப்போம் என்னும் பழைய உறுதியைப் பிரிட்டன் புதுப்பித்தது. ஒரு கையில் பாகப்பிரிவினை, மறு கையில் பாதுகாப்புப் பத்திரம். இதற்குப் பெயர் இராஜதந்திரமாம்!

இதுவரை கண்டது வேடிக்கை. இனிதான் வேதனை.

போரில் டிரான்ஸ்வாலைப் பிடித்த பிரிட்டனுக்குச் சுரங்கத்தில் இறங்க ஆள் வேண்டும்; போர்ச்சுகலுக்குத் தன் துறைமுகத்தில் சரக்கு இறங்க வேண்டும். 1901-இல் பேசி முடித்தனர்: ஆள் தருகிறோம், சரக்குத் தாருங்கள்! 1909 ஒப்பந்தம் அதைக் கணக்காகவே எழுதியது. ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்குக் கடல்வழி வரும் சரக்கில் 50 முதல் 55 விழுக்காடு லொரென்சோ மார்க்கஸ் வழியே. மாற்றாக, மொசாம்பிக்கின் ஆண்மக்கள் சுரங்கத்துக்கு. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்டணம் வேறு! தராசின் ஒரு தட்டில் மூட்டை, மறு தட்டில் மனிதன்.

வெப்பமான வடபகுதிகளிலிருந்து வந்தவர்கள் நுரையீரல் காய்ச்சலால் மடிந்த கொடுமை பெருகவே, 1913-இல் அப்பகுதிகளில் ஆள் திரட்டத் தடை விதித்தனர். தடைக்கு முன் எத்தனை பிணங்கள்! 1928 ஒப்பந்தமோ உழைத்தவன் கூலியிலும் கை வைத்தது. ஒரு பகுதியைச் சுரங்கத்தில் தராமல், ஊர் திரும்பிய பின்னரே தருவதென்று விதித்தது. அங்கே வரி வாங்கப் போர்ச்சுகீசிய அதிகாரி காத்திருந்தான்.

1975-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. மறு ஆண்டு அத்துறைமுக நகர் மபுட்டோ ஆயிற்று. இரும்புப் பாதைக்கு இன்றும் நன்றி கூறுவோரை நாம் கேட்கிறோம்: அந்த 55 விழுக்காட்டுக்குள் எத்தனை உயிர் அடக்கம்? கணக்குக் காட்டுங்கள்!