பேரில்லாத ஈ

போன ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் பூவன்பழச் சீப்பு. அதன்மேல் குட்டிக் குட்டியாக ஒரு கூட்டம்.

‘‘கொசு மொய்க்குதுங்க, தூக்கிப் போடுங்க’’ என்றாள் மனைவி.

‘‘கொசு இல்லை. பழ ஈ. டிரோசோஃபிலான்னு பேர்.’’

‘‘பேரைச் சொன்னா பறந்து போயிடுமா?’’

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் தள்ளி, ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது.

அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 3,800 கிலோமீட்டர். எரிமலை கக்கிக் கடலுக்குள்ளிருந்து எழுந்த தீவுகள். எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததே கிடையாது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்த இந்த ஈக் குடும்பம், போட்டிக்கு ஆள் இல்லாததால் தீவுக்குத் தீவு, காட்டுக்குக் காடு கிளை பிரிந்துவிட்டது. பேர் வைத்த இனங்களே 500-க்கு மேல். வைக்காததையும் சேர்த்தால் ஆயிரத்தை எட்டும் என்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம். ஒன்றின் புழு அழுகின மரப்பட்டையில்தான் வளரும், இன்னொன்று காளானில். சிலந்தி முட்டையைத் தின்று வளருகிற ஆசாமிகளும் உண்டு!

1963-ல் எல்மோ ஹார்டியும் வில்சன் ஸ்டோனும் இந்தக் கூட்டத்தைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். வழி என்ன தெரியுமோ? புளிக்கவைத்த வாழைப்பழமும் காளானும். காட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பது! மாட்டினதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, காலில் மயிர் எப்படி, வாய் எப்படி, சிறகில் கோலம் எப்படி என்று பார்க்க வேண்டும். அடையாளமெல்லாம் பெரும்பாலும் ஆணிடம்தான். பெண்கள் பல இனங்களில் ஒரே அச்சு. ஹாம்ப்டன் கார்ஸன் இன்னும் உள்ளே போனார். புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குரோமோசோம்களில் சேலைக் கரை மாதிரி பட்டைகள் தெரியும். எந்தப் பட்டை எங்கே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று ஒப்பிட்டு, யாருக்கு யார் சொந்தம், எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்குக் குடிபோனார்கள் என்று வம்சாவளியே எழுதிவிட்டார்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பேரேட்டில் ஒருவர் பேரில் பக்கம் திறந்தால்தான் வரவு, செலவு, பாக்கி எல்லாம். பேர் இல்லாதவன் திவாலானால்கூடக் கணக்கில் வராது.

அங்கேயும் அதே கதைதான். வெளியிலிருந்து வந்த பன்றியும் ஆடும் ஈ வளருகிற மரங்களை அழிக்கின்றன; வெளியூர் எறும்பும் குளவியும் ஈயையே தின்கின்றன. 2006-ல் அமெரிக்க அரசு 12 ஹவாய் ஈக்களைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பேர் வைத்து, அடையாளம் எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. பேர் வைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவை எத்தனையோ? அதற்கு இரங்கல் சொல்லக்கூட ஒரு விலாசம் இல்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று ஹெட்டிரோநியூரா. ஆணுக்குத் தலை சுத்தியல் மாதிரி அகலம். கண்கள் இரண்டும் இரண்டு ஓரத்தில். இடத்துக்காக இரண்டு ஆண்கள் தலையோடு தலை வைத்து முட்டித் தள்ளிக்கொள்ளும்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

‘‘பொம்பளை ஈக்கு?’’ என்றாள்.

‘‘சாதாரணத் தலைதான்.’’

‘‘அதானே! முட்டிக்கிறதெல்லாம் யாரு?’’ என்றபடி பழச் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.