மூன்று படி போதும்

செப்டம்பர் 30 வங்கியாளர்களுக்கு அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள். பல ஆண்டுகளில் நவராத்திரியும் அதனை ஒட்டியே வந்து சேர்கிறது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று நவராத்திரி தொடங்கியது. துர்காஷ்டமி சரியாக 30ஆம் தேதி அமைந்தது. கிளையில் இரவு வெகுநேரம் கணக்குகளோடு போராடிவிட்டு வீடு திரும்பும்போது, மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறவைக்கவில்லையே என்று வழியில் நினைவு வரும் சங்கடத்தை எங்களில் பலர் அறிவோம். (அத்தகைய நாட்களில் பாசிப்பருப்பு கைகொடுக்கும், அதற்கு இரவு முழுவதும் ஊற வேண்டியதில்லை.)

இந்த நெருக்கடியில்தான் "இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பெரிதாக வைத்துவிடலாம்" என்ற எண்ணம் பிறக்கிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். நாங்களும் அவ்வாறு எண்ணியவர்கள்தாம். ஐதராபாத்துக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் வீடு சரிவர அமையவில்லை. இரண்டாம் ஆண்டு கணக்கு முடிப்பு வேலை. பொம்மைகள் இருந்த தகரப் பெட்டி குளியலறைச் சுவரை ஒட்டிய பரணில் அமைதியாக உறங்கியது.

மூன்றாம் ஆண்டு அதனை இறக்கித் திறந்தோம். மழைக்காலத்து ஈரம் சுவர் வழியே பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மாற்றல் அவசரத்தில் பழைய வேட்டித் துணிக்குப் பதிலாகச் செய்தித்தாளில் சுற்றியிருந்தோம். தாளைப் பிரிக்கப் பிரிக்க வண்ணமும் கூடவே வந்தது. தசாவதார வரிசையில் கூர்மமும் வராகமும் அடையாளம் தெரியாத மண்கட்டிகளாகியிருந்தன. செட்டியார் பிழைத்திருந்தார். அருகில் அமர வேண்டிய அவர் மனைவிக்குத் தலை இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களோடு வசிக்கும் அம்மா சிரிக்கவில்லை. செட்டியாரைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்தபடி, "இது உங்க தாத்தா கும்பகோணத்துல வாங்கிக் குடுத்தது. நீ அப்போ பொறக்கவே இல்ல" என்றார். ஒவ்வொரு பொம்மைக்கும் அவரிடம் அப்படி ஒரு வரலாறு இருந்தது. அவற்றுள் பாதியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம்.

வங்கிக் கணக்குகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு சேமிப்புக் கணக்கிலோ நடப்புக் கணக்கிலோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாகச் செய்யும் பரிவர்த்தனை எதுவும் இல்லாவிட்டால் அது செயல்படாத கணக்காகிவிடும். வங்கி வரவு வைக்கும் வட்டி இதில் சேராது. வாடிக்கையாளரின் கை அதில் பட்டிருக்க வேண்டும். தொகை எவ்வளவு என்பது கேள்வியே அன்று. நூறு ரூபாய் செலுத்தினாலும் கணக்கு உயிரோடிருக்கும். வருவோர்க்கெல்லாம் இவ்விதியைச் சலிக்காமல் சொல்லிவந்த நாங்கள், பரணிலிருந்த பெட்டிக்கு அதனைப் பொருத்திப் பார்க்கவில்லை.

ஆகவே கொலு சிறியதாக இருப்பதில் குறையில்லை என்பதே எமது கருத்து. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி அமைப்பது மரபு. அந்த வரிசையில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. நமது இல்லங்கள் பலவற்றில் ஒன்பது படிக்கு ஏற்ற கூடம் இல்லை. இரண்டு பெட்டிகளையும் ஒரு பலகையையும் அடுக்கி மேலே வெள்ளை வேட்டியை விரித்தால் படிகள் தயார். பிறர் வீட்டில் பூங்காவும் மலையும் ரயிலும் ஓடுகின்றனவே என்ற ஏக்கம்தான் பலரைத் தடுக்கிறது. போட்டிக்காக வைக்கப்படும் கொலுக்களை நாங்களும் வியந்து பார்க்கிறோம். ஆயினும் முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்கி அடுக்கிய கொலுவின் முன் நின்று "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், கடையின் பெயரைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலு நின்றுபோகும் வீடுகள் பலவற்றில் நின்றுபோனது பக்தியன்று. ஒரு பெண்ணின் உடல் வலிமை. பெட்டி இறக்குவது, துடைப்பது, கோலமிடுவது, ஒன்பது நாள் சுண்டல், வருவோர்க்கு வெற்றிலை பாக்கு, பிறகு அத்தனையையும் மீண்டும் சுற்றி வைப்பது என எல்லாம் அலுவலகம் சென்று திரும்பும் ஒருவர் தலையில் விழுந்தால் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? ஆடவர்கள் படி கட்டிக் கொடுத்துவிட்டு விளக்குச் சரத்தின் செருகியைப் பொருத்தியதோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறார்கள். சுண்டல் தாளிக்கவும் பாத்திரம் கழுவவும் அவர்கள் முன்வராத வீட்டில் கொலு வைக்கவில்லை என்று வருந்த அவர்களுக்கு உரிமை இல்லை.

ஐதராபாத்தில் வாழ்வோர்க்கு இவ்விழா இரட்டிப்பாகக் கிடைக்கிறது. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாட்கள் தெலங்கானாவில் பதுகம்மா கொண்டாடப்படுகிறது. 2014இல் இது மாநில விழாவாக அறிவிக்கப்பட்டது. தாம்பாளத்தில் பூக்களை வட்டம் வட்டமாக, மேலே செல்லச் செல்லக் குறுகும்படி அடுக்கி, பெண்கள் சுற்றிவந்து கைதட்டிப் பாடி, இறுதியில் நீர்நிலையில் விடுகிறார்கள். இதுவும் ஒருவகைக் கொலுவே. பொம்மைக்குப் பதில் பூ. அதில் தவறாது இடம்பெறும் தங்கேடுப் பூ வேறெதுவுமன்று, நம் ஆவாரம்பூதான். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் வீட்டு முகப்பில் காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்க்கும் அதே மஞ்சள் பூ, இங்கே மாநில மலர். குடிமல்காபூர் பூச்சந்தையில் அந்த நாட்களில் நடந்து பார்த்தால் ஊர் அயலாகத் தோன்றாது. எங்கள் அடுக்ககத்தில் கீழே பதுகம்மா ஆடி முடிப்பவர்கள் மேலே வந்து சுண்டல் பெற்றுச் செல்கிறார்கள். ஆந்திரத்திலிருந்து வந்த அண்டை வீட்டார் பொம்மலக் கொலுவைச் சங்கராந்திக்கு வைப்பவர்கள். அப்போது நாங்கள் அவர்கள் வீட்டுக்குச் செல்கிறோம்.

ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்க வேண்டும் என்பது பல குடும்பங்களின் வழக்கம். தொடர் வைப்பு போன்றது என்று சொன்னால் தொழில் புத்தி என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். ஈரத்தில் கரைந்த மண் பொம்மைகளைக் கண்ட பின் நாங்கள் கொண்டபல்லி மரப் பொம்மைகளின் பக்கம் திரும்பினோம். விஜயவாடாவுக்கு அருகிலுள்ள அவ்வூரில், தெல்ல பொனிக்கி என்னும் மென்மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கலவையால் ஒட்டி, வண்ணம் தீட்டுகிறார்கள். கையில் எடுத்தால் எடையே தெரியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகும் எங்களைப் போன்றோர்க்கு இது சிறிய வசதியன்று. அம்பாரி சுமந்த யானை ஒன்றை மாதாப்பூர் சில்பாராமத்தில் வாங்கி, கூர்மமும் வராகமும் இருந்த இடத்தில் வைத்தோம். அவதார வரிசையில் யானைக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டார். பதில் இல்லை. யானை அங்கேயே நிற்கிறது.

தலையற்ற செட்டியார் மனைவியை எறிந்துவிடவில்லை. உடைந்ததைப் படியில் வைக்கலாகாது என்பார் உளர். அவர்கள் மனத்தை நோகச் செய்ய விரும்பாமல், படிக்குக் கீழே கடையின் ஓரமாக அமர்த்தியிருக்கிறோம்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் எவரும் உரிமை கோராத வைப்புத் தொகைகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் செல்கின்றன. உரியவரோ வாரிசோ பின்னர் வந்தாலும் வங்கி வழியே பெற்றுக்கொள்ளலாம். பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அம்மாவின் நினைவிலுள்ள கதைகளுக்கு அத்தகைய நிதி எதுவும் இல்லை. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினோம். பொம்மை, வாங்கிய ஊர், வாங்கியவர், எந்த ஆண்டு, அல்லது யார் பிறந்த சமயம் என்று அம்மா சொல்லச் சொல்ல எங்கள் மகள் எழுதுகிறாள். கடைசிக் கட்டத்தில் "நாமினி" என்று அவளாகவே ஒரு தலைப்பிட்டு, ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் நேரே தன் பெயரை எழுதிக்கொண்டாள். தம்பிக்கு ஒதுக்கியது யானை ஒன்றுதான். அவன் முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்த பிறகு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்வது வழக்கம். சென்ற முறை எதைப் படுக்கவைப்பது என்று பிள்ளைகளுக்குள் வழக்கு எழுந்தது. அம்மா எழுந்து வந்து, அவர் திருமணத்தின்போது திருப்பதியிலிருந்து வந்த மரப்பாச்சியை எடுத்துச் சாய்த்து வைத்து, சிறு கைக்குட்டையைப் போர்த்திவிட்டு, "விளக்கை அணைங்கோ, அவ தூங்கட்டும்" என்றார்.