கரையில் அமர்ந்த கடல்கட்டிகள்

ஊரில் கலவரம், துப்பாக்கிச்சூடு, கதவடைப்பு என்று ஏதாவது நடந்தால் போதும், ஓர் அறிவுரை புறப்பட்டு வந்துவிடும். வெளியே நடப்பது எதுவும் நம் கையில் இல்லையாம். முத்துக் குளிப்பவனைப் போல நமக்குள்ளே மூழ்க வேண்டுமாம். நாம் மாறினால் உலகம் தானாக மாறிவிடுமாம். காலை வணக்கச் செய்தியாகவும் மேடைப் பேச்சாகவும் வார இதழின் ஆன்மிகப் பக்கமாகவும் இது வருகிறது, படித்தவர்கள் தலையாட்டுகிறார்கள். ஊர் கொந்தளிக்கும்போது ஒதுங்கிக்கொள்பவர் பக்குவப்பட்டவர், கூட்டத்தில் போய் நிற்பவர் உணர்ச்சிவசப்பட்டவர் என்பது நம் நடுத்தர வர்க்கத்தின் எழுதாத சட்டம். தன்னை அறியும் முயற்சியைப் பழிப்பதற்காக நான் எழுதவில்லை. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும் இந்த ஒதுங்கலைத்தான் கண்டிக்கிறேன். அதற்குத் தூத்துக்குடிக் கரையே போதும்.

முதலில் அந்த முத்து உவமை. மன்னார் வளைகுடாவில் தனியாக மூழ்கி முத்தெடுத்தவர் யாருமில்லை. கடலடியில் எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று அரசு பார்த்து, நாள் குறித்து, சலாபம் என்ற முத்துக்குளிப்பை அறிவிக்கும். தோணிகள் கூட்டமாகப் போகும். குளியாளி கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி ஐந்து பாகமோ பத்துப் பாகமோ ஆழம் இறங்குவார்; மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். அவர் கை ஒரு கணம் அசந்தால் கீழே இருப்பவருக்கு மூச்சில்லை. அதனால் அந்த இடத்தில் மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்பார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே! எடுத்த சிப்பியில் வெள்ளைக்கார அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு ஒரு பங்கு. (தூத்துக்குடியின் கடைசி அரசுச் சலாபம் 1961இல் நடந்தது.)

அந்தப் பழைய சலாபங்களில் இன்னொருவரும் இருந்தார். கடல்கட்டி என்பது அவர் பெயர். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுவது அவர் தொழில். கடலில் இறங்க வேண்டியதில்லை. ஆனால் அரசு அவருக்குப் பணம் கொடுத்தது. குளியாளிகள் எடுத்து வந்த சிப்பியிலும் அவருக்குப் பங்கு போனது. உள்ளே மூழ்கச் சொல்லும் இன்றைய உபதேசிகளுக்குப் பழைய சலாபத்தில் இடம் தேடினால் கடல்கட்டியின் பக்கத்தில்தான் கிடைக்கும்.

அதே தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னாளில், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் குண்டு பாய்ந்தது என்று பதிவுசெய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று ‘கோபம் உங்களைத்தான் எரிக்கும், மனதை அமைதிப்படுத்துங்கள்’ என்று சொல்வதற்குப் பெயர் ஆன்மிகமா? அந்தக் கோபம் அங்கே இருந்ததில் எந்த மனக்கோளாறும் இல்லை. அது இல்லாதிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த நாட்களில் தன்னை அறிவதற்கு நிறைய வேலை இருந்தது என்பதும் உண்மை. ஆலையில் ஒப்பந்தம் எடுத்த மாமாவுக்காக நான் வாயை மூடிக்கொண்டேனா? செத்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோது என் கண் முதலில் தேடியது சாதியையா? எனக்கு வந்தது நிதானமா, வெறும் பயமா? இந்தக் கேள்விகள் கண்ணை மூடி உட்கார்ந்தால் வருவதில்லை. பக்கத்துத் தெருக்காரர் வந்து ‘நீங்க ஏன் வரல?’ என்று கேட்கும்போதுதான் வருகின்றன.

இந்த ஊரிலேயே, ஊரோடு நின்று தன்னை அறிவதை வாழ்ந்து காட்டியவர் வ.உ.சி. துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டோம்; கப்பலையும் செக்கையும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்தச் செக்குக்கு முன்னால் நடந்த வேலையைப் பேசுவதில்லை. 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்; அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சிவா யார்? வேதாந்தி. பிரம்மம் பேசிய அதே வாயால் கூலி உயர்வும் பேசினார். மார்ச் 12இல் இருவரும் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் சணல் எந்திரம் கையின் தோலை உரித்தது, பிறகு செக்கு. அங்கிருந்துதான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார்.

நம் உபதேசிகள் இங்கே துள்ளிக் குதிப்பார்கள். ஆலன் சொல்வதும் அதுதானே, எண்ணம் எப்படியோ சூழ்நிலை அப்படி என்று? வ.உ.சி.யே அதை ஏற்று மொழிபெயர்த்திருக்கிறாரே? சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். சூழ்நிலை மனத்தின் பிரதி என்றால் செக்கும் அவர் மனத்தின் பிரதிதான். 1911இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி மூடப்பட்டதும் அவர் எண்ணக் கோளாறுதான். விடுதலைக்குப் பின் வக்கீல் சன்னது இல்லாமல் வறுமையில் உழன்றதும், கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கிகளை உயிலில் எழுதிவைத்துவிட்டு 1936இல் இறந்ததும் அப்படியே. இதை அவர் சிலைக்கு முன்னால் நின்று சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு? ஆலனின் அந்தத் தத்துவம் வ.உ.சி.யின் வாழ்க்கையை விளக்கவில்லை. அவர் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டது, பிறர் கையில் சிக்கிய உடலுக்குள் தன் மனத்தைத் தானே ஆளும் பயிற்சியை மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. தண்டனை தந்தவனை அந்தப் பயிற்சி மன்னிக்கச் செய்யவில்லை. மேல்முறையீட்டை நிறுத்தவும் இல்லை.

அவரே எழுதிய ‘மெய்யற’த்தைப் பாருங்கள். கண்ணூர்ச் சிறையில் எழுதி 1914இல் வெளியிட்டது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்று ஐந்து பகுதிகள். மெய்யைத் தேடுகிறவன் வீட்டையும் நாட்டையும் கடந்துதான் அங்கே போக வேண்டும். அரசியலைத் தவிர்த்துவிட்டு மெய்யியலுக்குப் போகக் குறுக்குவழி எதையும் அவர் வைக்கவில்லை. சிறையில் இருந்த மனிதருக்கு அரசியலை விட்டுவிட எல்லாக் காரணமும் இருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டிலும் அப்படித்தான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த, பார்வையற்ற ராமையா தேசிகர் என்ற துறவியை வ.உ.சி. வீட்டில் வைத்து உபசரித்தார். உறவினர்கள் கொதித்தார்கள். மனைவி வள்ளியம்மை அவருக்குச் சோறு பரிமாறினார். அகவளர்ச்சிக்கு அளவுகோல் வேண்டுமென்றால் இந்தச் சோற்றை வைத்து அளக்கலாம். எத்தனை மணி நேரம் கண்ணை மூடியிருந்தோம் என்பதை வைத்து அளக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. போராட்டத்தில் நிற்பதாலேயே மனம் தெளிந்துவிடாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் கிடந்தது. உயிரைத் துச்சமாக நினைத்த அந்த இளைஞனின் எழுத்தில் சனாதனப் பெருமிதமும் மாட்டிறைச்சி தின்பவர் மீதான வெறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. உயிரைக் கொடுக்கத் துணிந்தவனும் சாதியைக் கொடுக்கத் துணியவில்லை. வாஞ்சி வீட்டிலேயே தியானத்தில் இருந்திருந்தால் அந்த வெறுப்பு கரைந்திருக்குமா? கதவைச் சாத்திக்கொண்டால் அது பத்திரமாக இருந்திருக்கும். கோரல் மில் வாசலில் எல்லாச் சாதித் தொழிலாளர்களோடும் பத்து நாள் நின்றிருந்தால் கொஞ்சமாவது உரசலுக்கு ஆளாகியிருக்கும்.

அந்த வேலைநிறுத்தம் பத்து நாளுக்குள் முடிந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இன்று இந்த ஊரில் மன அமைதிப் பயிற்சி வகுப்பு வைப்பதென்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள். மற்ற நாளில் ஆட்களுக்கு லீவு கிடைக்காதே.