பந்தும் காக்கியும்

சங்கரன்கோவில் விசைத்தறித் தெருக்களில் பையன் பந்து உதைத்தால் யாரும் கேட்பதில்லை. பெண் உதைத்தால், "பொட்டப்புள்ளைக்கு என்னடி ஆட்டம்?" என்று அதட்டல் வருகிறது. வயதுக்கு வந்துவிட்டாலோ, சொல்லவே வேண்டாம்!

அதட்டுகிறவர்கள் கடலூர் இந்துமதி கதிரேசனைப் பற்றிக் கேட்க வேண்டும். 1994-இல் பிறந்தவர். மைதானத்தின் நடுவில் நின்று, எதிரியிடம் பந்தைப் பறித்து, முன்னால் நிற்பவருக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. கைதட்டல் பெரும்பாலும் கோல் போடுகிறவருக்கு. மூச்சு வாங்குவது இவருக்கு! சமயத்தில் அவரே கோலும் போட்டுவிடுவார்.

2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. இரண்டிலும் இந்துமதி இருந்தார். இந்தியாவுக்காகவும் ஆடினார்.

ஆடப் போனால் பிழைப்புக் கெடும் என்பார்கள். கெடவில்லையே! தமிழ்நாடு போலீசில் அவர் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் காக்கி உடுப்போடு காவல் நின்றார்.

எல்லாப் பெண்ணும் இந்துமதி ஆகிவிட முடியாதுதான். ஆனாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்தைப் பெண்களுக்கு விட்டுக்கொடுக்க என்ன செலவு? கோமதி அம்மனின் ஆடித் தபசைக் காண ஊரே கூடும் சங்கரன்கோவிலில், ஒரு பெண் அரைக்கால் சட்டையோடு ஓடினால் மட்டும் கண் கூசுவானேன்?