கட்டளைக்கும் உரை வேண்டும்

'வெட்டினான்' என்றால் 'எதை?' என்ற கேள்வி எழும். 'தூங்கினான்' என்றால் எழாது. செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று நாம் இலக்கணத்தில் படித்த இவ்வேறுபாடே கணிப்பொறியின் கட்டளைவரியிலும் ஆட்சி செய்கிறது.

லினக்ஸில் கட்டளையின் பின் சிறு கோடிட்டு எழுதும் எழுத்துக்கு ஆப்ஷன் என்று பெயர். சில ஆப்ஷன்கள் தனித்து நிற்கும். சில, அடுத்து வரும் சொல்லைத் தமக்குரிய ஆர்குமென்டாக எடுத்துக்கொள்ளும். எது எவ்வகை என்பதை எழுத்தைப் பார்த்து அறிய இயலாது. '-என்' என்பது ஹெட் கட்டளையில் எத்தனை வரி வேண்டும் என்ற எண்ணைக் கேட்கும். சார்ட் கட்டளையில் எண் மதிப்பின்படி வரிசைப்படுத்தும். கிரெப்பில் வரி எண்ணைக் காட்டும். பின்னிரண்டும் எதையும் கேட்பதில்லை.

இதனால் என்ன கேடு வந்துவிடும் என்று எண்ணலாம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையைப் பாருங்கள். அதில் '-சி' என்றால் புதிதாகக் கட்டு. '-எஃப்' என்றால் கட்டின் பெயர் இது. '-சிஎஃப்' என்று எழுதிய மாணவர் கட்டுக்குப் பெயர் தர மறந்து, தம் கோப்புகளின் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினால், முதற்கோப்பின் பெயரே கட்டின் பெயராகக் கொள்ளப்படும். அக்கோப்பில் இருந்தது அழிந்து, மற்றவை அதன்மேல் எழுதப்படும். அழிக்கட்டுமா என்று இயந்திரம் ஒரு வார்த்தை கேட்காது. பல நாள் உழைப்பு நொடியில் போயிற்று!

இயந்திரத்தைப் பழித்துப் பயனில்லை. அது தன் இலக்கணப்படி நடந்தது. அவ்விலக்கணத்தை நமக்குச் சொல்லும் முறையில்தான் குறை இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1971 நவம்பரில் உருவான முதல் யுனிக்ஸ் கையேடு தொட்டு, கட்டளையின் அமைப்பை ஒரே வரியில் சுருக்கித் தருவதே மரபாக இருந்து வருகிறது. பகர அடைப்புக்குள் இருப்பது விடத்தக்கது. மூன்று புள்ளியிட்டது மீண்டும் வரத்தக்கது. தேர்ந்தவருக்கு அது கைக்கடக்கமான சூத்திரம். புதியவருக்கோ புதிர்.

சுருக்கம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். சூத்திரம் செய்த நம் முன்னோர் சூத்திரத்தோடு நின்றுவிடவில்லை. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றைக் கொண்ட காண்டிகையுரையையும் நன்னூல் வகுத்துச் சொல்கிறது. கணிப்பொறிக் கையேட்டுக்கும் அத்தகைய உரை வேண்டும். ஆப்ஷன் ஆர்குமென்ட் கேட்குமா, கேட்டால் அதை விடலாமா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி, சரியான எடுத்துக்காட்டு ஒன்றும் தவறானது ஒன்றும் தரவேண்டும்.

அவ்வுரை தமிழிலும் வேண்டும். பனவடலிசத்திரம் போன்ற ஊர்களிலிருந்து தமிழ்வழியில் படித்துவரும் மாணவர்க்கு அறிவு குறைவில்லை. ஆங்கிலச் சூத்திரமே குறுக்கே நிற்கிறது. மாணவ நண்பர்களே! ஆளுக்கொரு கட்டளையை எடுத்து உரை எழுதுவோம். ஓராண்டில் ஒரு வகுப்பே ஒரு கையேட்டை ஆக்கிவிடலாம். அடுத்து வருவோர் தம் கோப்பை இழந்து பாடம் கற்க வேண்டியிராது.