கேஸ் மாத்திரை யாரைக் கேட்டு?



காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தவருக்கு, பிடித்த வேலை ஒரு கட்டத்துக்கு வரும்வரை எழுந்திருக்க மனசு வராது. வெறும் வயிற்றில் டீ. காலைப் பலகாரம் பதினோரு மணிக்கு, சாப்பாடு மூன்று மணிக்கு. சாயங்காலம் முதுகு பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை, வயிறு எரியாமலிருக்க கூடவே ஒரு கேஸ் மாத்திரை. தறியே இல்லாத நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது?

வயிற்றின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்க ஒரு சளிப்படலம் இருக்கிறது. பல வலி மாத்திரைகள் அதைத்தான் பலவீனமாக்குகின்றன. கேஸ் மாத்திரை எரிச்சலை அடக்கிவிடும்; வலி மாத்திரை மாதக்கணக்கில் தொடரும். முதுகுக்கு வைத்தியம் யார் பார்ப்பது?

ரானிடிடின் நினைவிருக்கிறதா? ரான்டாக், ஜினிடாக் என்று நம் மருந்து டப்பாக்களில் வருஷக்கணக்காக இருந்ததுதான். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற மாசு அதில் இருப்பது 2019-ல் தெரியவந்தது. மறு ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. உங்கள் டப்பாவில் இன்னும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது அந்த இடத்தில் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல். நல்ல மருந்துகள், சந்தேகமே இல்லை. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். பலருக்குச் சில வாரங்களே போதும். வருஷக்கணக்கில் தினமும் போட்டால் சிலருக்கு பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு முறியும் அபாயமும் கூடலாம். இதய நோய்க்கு ஆஸ்பிரினோடு சேர்த்து எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. வயிற்றுப்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் காரணம் என்று கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால், பெரும்பாலும் இரண்டு வார ஆன்டிபயாடிக் சிகிச்சையில் தீரும் தொல்லைக்கு ஆயுள் முழுக்க மாத்திரை வாங்குகிறோம்.

எடை குறைவது, விழுங்கக் கஷ்டம், மலம் கறுத்துப்போவது: இவற்றில் ஒன்றிருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தி, வியர்த்துக்கொட்டி, கையோ தாடையோ வலித்தால், 'கேஸ்தான்' என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்