நமது பள்ளிக்கூடங்களில் நர்ஸ் எங்கே?

நமது வணிகப் பெருமக்கள் வாரி வழங்கிய பணத்தில் ஊருக்கு ஊர் மெட்ரிக் பள்ளிகள் எழுந்துள்ளன. வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு பளபளக்கிறது. உள்ளே ஒரு நர்ஸ் உண்டா? மூச்சிரைப்பு வந்து துடிக்கும் பிள்ளைக்கு யார் முதலுதவி செய்வது? வாட்ச்மேனா?

2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டப்படி, மருத்துவரும் செவிலியரும் அடங்கிய குழு ஆண்டுக்கொரு முறை மாணவர்களைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் அது அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான். சுயநிதிப் பள்ளிகளுக்கு இல்லை! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை. நம் பெண்பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கா?

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். காயமுற்றோருக்கு மருந்திட்டவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. அந்த வழி வந்தவர்கள் அல்லவா நாம்?

வணிகர்களே! அடுத்த மாடி கட்டக் கொடுக்குமுன் ஒரு நர்ஸின் சம்பளத்துக்குக் கொடுங்கள். இளைஞர்களே! நிர்வாகத்திடம் கேளுங்கள்: முதலுதவி அறை எங்கே? பிள்ளைகளின் மருத்துவ அட்டை எங்கே? பதில் வரும்வரை விடாதீர்கள்!